தொட்டி எலுமிச்சையின் தளிர்கள் வெளுத்து உதிர்கின்றன. சாம்பலும் யூரியாவும் இட்டும் தேறவில்லை

ஈத்தாமொழி மாடித்தோட்டம் (மே 11)

அனைவருக்கும் வணக்கம். ஈத்தாமொழியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இரண்டரை ஆண்டுகளாக ஓர் எலுமிச்சைச் செடியை வளர்த்து வருகிறேன். தக்கலைப் பக்கத்து நாற்றங்கால் ஒன்றில் பதியன் செடியாக வாங்கியது. தொடக்கத்தில் இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் நன்றாகவே இருந்தது. சென்ற ஆண்டு ஊறுகாய்க்கு வெளியில் எலுமிச்சை வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. வாளி போதாது என்று எண்ணி, கடந்த தை மாதம் புதிதாக வாங்கிய ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினேன். செம்மண்ணும் மாட்டுச்சாணமும் போதுமான அளவு இல்லாததால், வீட்டின் பின்புறம் தோண்டிய மணலையும், அருகிலுள்ள கயிற்றுத் தொழிற்கூடத்திலிருந்து கொண்டுவந்த தென்னைநார்க் கழிவையும் பாதிக்கு மேல் கலந்தேன்.

மாசியில் வந்த தளிர்கள் முதலில் இளம்பச்சையாக இருந்து, பிறகு மஞ்சளாகி, பங்குனிக்குள் ஏறக்குறைய வெள்ளையாகவே வெளுத்துவிட்டன. நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. அடிப்பகுதியிலுள்ள பழைய இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சிலவற்றின் நுனி தீய்ந்ததுபோல் பழுப்பாகியிருக்கிறது. சத்துக் குறைவு என்று கருதி வாரத்திற்கு இரண்டு கைப்பிடி அடுப்புச் சாம்பல் இட்டேன். முட்டை ஓட்டையும் பொடித்துப் போட்டேன். பிறகு பக்கத்து வீட்டார் சொன்னதன் பேரில் ஒரு கைப்பிடி யூரியாவைச் செடி மூட்டில் தூவித் தண்ணீர் விட்டேன். அடுத்த எட்டு நாட்களுக்குள் பாதி இலைகள் உதிர்ந்துவிட்டன.

ஆழ்குழாய்த் தண்ணீரைத்தான் காலையிலும் மாலையிலும் ஊற்றுகிறேன். மாடித்தளத்தில் கறை படியாமலிருக்கத் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். சில தளிர்களில் வெள்ளிக் கம்பிபோல் வளைந்து வளைந்து செல்லும் கோடுகள் உள்ளன. காக்கை எச்சம்போன்ற இரண்டு புழுக்களையும் எடுத்துப் போட்டேன். அருகில் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றும் இருக்கிறது. செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்று மாமியார் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இதைக் காப்பாற்ற வழி உண்டா?

வடசேரி மாடித்தோட்டம் (மே 11)

சகோதரி, எங்கள் வீட்டிலும் எலுமிச்சை இலைகள் மஞ்சளாயின. எப்சம் உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இருமுறை தெளித்தவுடன் சரியாகிவிட்டது. அத்துடன் தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தையும் வாரம் ஒருமுறை கொடுங்கள். இலைகள் உதிர்ந்த செடிக்கு உணவு தேவைப்படும்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தக்கலை (மே 12)

அம்மா, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இன்றிலிருந்து அந்தத் தொட்டிக்குள் எந்த உரமும், சாம்பலும், வீட்டு வைத்தியமும் போக வேண்டாம். செடிக்கு வந்த நோயைவிட அதற்குக் கொடுத்த மருந்துகள்தாம் இப்போது அதிகமாக வருத்துகின்றன என்பது என் எண்ணம்.

வடசேரி நண்பர் சொன்ன எப்சம் உப்பு மெக்னீசியக் குறைவுக்கு உரியது. அவருடைய செடிக்கு அது பலித்திருப்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மெக்னீசியம் குறைந்தால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். காம்பை ஒட்டிய அடிப்பகுதி மட்டும் ஆப்பு வடிவில் பச்சையாக நிற்க, ஓரங்களும் நுனியும் மஞ்சளாகும். தழைச்சத்து குறைந்தாலும் பழைய இலைதான் முதலில் வெளுக்கும்; ஆனால் அப்போது நரம்போடு சேர்த்து முழு இலையும் ஒரேபடியாக வெளுத்துவிடும். இவ்விரண்டு சத்துகளையும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய தளிருக்கு அனுப்பிக்கொள்ள வல்லது என்பதால்தான் கீழேயிருந்து மஞ்சள் தொடங்குகிறது. இரும்புச்சத்தை அவ்வாறு இடம் மாற்றச் செடியால் இயலாது. பழைய இலையில் இருப்பது அங்கேயே தங்கிவிட, வேரிலிருந்து புதிதாக வராத நாளில் தளிர்தான் பட்டினி கிடக்கும். தாங்கள் எழுதியிருப்பதுபோல் கீழிலை பச்சையாக இருக்க, தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்பது இரும்புப் பற்றாக்குறையின் அடையாளம். தளிர் இலைகள் வழக்கத்தைவிடச் சிறுத்தும் குறுகியும், கணுக்கள் நெருங்கியும் இருந்தால் துத்தநாகமும் சேர்ந்து குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

இதற்காக மண்ணில் இரும்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நம் மாவட்டத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்ததுதான். மண்ணின் கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5 வரை இருக்கும்போது எலுமிச்சையின் வேர் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். 7.5-ஐத் தாண்டும்போது இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். கண்முன்னே உணவு இருந்தும் உண்ண இயலாத நிலை. தங்கள் தொட்டிக்குள் காரம் வந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் நல்ல காரப்பொருள். புதிய சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். கடற்கரைப் பகுதி ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். அதிலுள்ள பைகார்பனேட் ஒவ்வொரு வாளியோடும் மண்ணைச் சிறிது சிறிதாகக் காரமாக்கும். முட்டை ஓடு மிக மெதுவாகக் கரைவதால் அதன் மீது பெரிய குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அதிக ஐயம் தருவது அந்த மணல். கடலோர ஊர்களில் வீட்டுப் பின்புறம் தோண்டும் மணலில் சிப்பித்தூள் கலந்திருப்பது உண்டு. சிப்பி என்பது சுண்ணாம்பே.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அந்த மணலில் ஒரு கரண்டி எடுத்து நன்கு உலரவைத்து, அதன்மேல் வினிகரைச் சில துளிகள் விட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் நுரைத்தாலோ, மெல்லிய இரைச்சல் கேட்டாலோ அதில் சுண்ணாம்பு இருக்கிறது. தொட்டியில் உள்ள மண்ணைச் சோதித்தால் சாம்பலும் நுரைக்கும் என்பதால், சாம்பல் படாத மணலைத் தனியாக எடுத்துச் சோதிப்பதே சரி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடியில் தட்டு வைத்து இருவேளையும் தண்ணீர் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேராலும் இரும்பை எடுக்க முடியாது. ஆகவே இதே மஞ்சள் நிறம் காரத்தினாலும் வரும், வேர் அழுகலாலும் வரும். இலையை மட்டும் பார்த்து எது என்று என்னால் சொல்ல இயலவில்லை. தட்டை இன்றே எடுத்துவிடுங்கள். தொட்டியைச் சாய்த்து ஓரத்து வேர்களைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர்மஞ்சளாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருப்பதோடு, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல்மட்டும் மிஞ்சும். பார்த்து எழுதுங்கள்; அதன் பிறகு மேலே என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

கறிவேப்பிலை வேலி, மார்த்தாண்டம் (மே 12)

ஐயா சொன்னதை மறுக்கவில்லை. எனினும் கறிவேப்பிலைத் தொட்டி அருகில் இருப்பதாகச் சகோதரி குறிப்பிட்டிருப்பதால் ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைக் குடும்பத்தைத் தாக்கும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சிறு தத்துப்பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் வளரும். எங்கள் வீட்டில் ஒரு சாத்துக்குடி மரம் மஞ்சளாகத் தொடங்கியபோது, சத்துக் குறைவு என்று எண்ணி இரண்டு ஆண்டுகள் உரமிட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் அது பசுமையாதல் நோய் என்று தெரிந்து வெட்ட வேண்டியதாயிற்று. அந்த நோய்க்கு மருந்தில்லை. இவ்வளவு பாடுபட்டுத் தொட்டி மாற்றுவதற்கு முன் அதுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தக்கலை (மே 12)

நினைவூட்டியதற்கு நன்றி, நானே சொல்லியிருக்க வேண்டும். ஓர் இலையைப் பறித்து நடுநரம்பின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சத்துக் குறைவினால் வரும் மஞ்சள் இரு பக்கமும் ஒரேபோல், கண்ணாடியில் பார்த்ததுபோல் அமைந்திருக்கும். பசுமையாதல் நோயில் மஞ்சள் திட்டுகள் நரம்பைப் பொருட்படுத்தாமல் தாறுமாறாகப் படர்ந்து, இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் இருக்கும். பெரும்பாலும் மரத்தின் ஒரு கிளை மட்டும் முதலில் மஞ்சளாகும். கறிவேப்பிலைக் கொழுந்திலும் எலுமிச்சைத் தளிரிலும் வெள்ளை மெழுகு இழைகளோடு கூடிய சிறு பூச்சிகள் ஒட்டியிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த அம்மாவின் செடியில் எல்லாத் தளிர்களும் ஒரேபோல் வெளுத்திருப்பதாக எழுதியிருப்பதால் எனக்கு அந்த ஐயம் குறைவு. ஆனால் ஐயம் தீராவிட்டால், இலைகளோடு ஒரு சிறு கிளையை எடுத்துத் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிடலாம். ஈத்தாமொழியிலிருந்து அது தொலைவில்லை.

ஈத்தாமொழி மாடித்தோட்டம் (மே 14)

ஐயா, தாங்கள் கூறியபடி எல்லாவற்றையும் பார்த்தேன். பின்புறத்து மணலில் வினிகர் விட்டவுடன் நன்றாகவே நுரைத்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தபோது வெள்ளைச் சிப்பித் துணுக்குகள் கண்ணுக்கே தெரிந்தன. இத்தனை காலம் அதே மணலில் கோலம் போட்டு விளையாடிய எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இலைகளின் மஞ்சள் இரு பக்கமும் ஒரேபோல்தான் இருக்கிறது. கறிவேப்பிலையில் வெள்ளை இழைப் பூச்சிகள் எதுவும் இல்லை. தொட்டியைச் சாய்த்துப் பார்த்ததில், மேல்பகுதி வேர்கள் வெளிர்மஞ்சளாக நன்றாக இருக்கின்றன; அடியில் நான்கு விரற்கடை அளவு மண் சேறாக, நாற்றத்தோடு இருந்தது; அங்கிருந்த வேர்களின் தோல் தாங்கள் சொன்னபடியே கழன்று வந்தது. தண்ணீர்ச் சுத்திகரிப்பு எந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவரிடம் இருந்த, தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ் கருவியால் ஆழ்குழாய்த் தண்ணீரை அளந்து பார்த்தோம். 870 என்று காட்டியது. இது மிக அதிகமா? அந்த எந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்றும் அவரிடம் கேட்டேன். தாராளமாக ஊற்றலாம் என்றார்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தக்கலை (மே 14)

அந்தக் கழிவுநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள் அம்மா. சுத்திகரிப்பு எந்திரம் உப்பை அழிப்பதில்லை. குடிநீரிலிருந்து பிரித்து அந்தக் கழிவுநீரில்தான் சேர்த்து அனுப்புகிறது. ஆழ்குழாய்த் தண்ணீரைவிட அது உப்பு மிகுந்தது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

870 என்பது எலுமிச்சைக்கு அதிகம்தான். உப்பைத் தாங்காத செடிகளில் எலுமிச்சையும் ஒன்று. டி.டி.எஸ் கருவி கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைச் சொல்லுமேயன்றி, அது சமையல் உப்பா சுண்ணாம்பா என்று பிரித்துச் சொல்லாது. தங்கள் வீட்டுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிகிறதென்றால் சுண்ணாம்பு மிகுந்திருக்கிறது. பழைய இலைகளின் நுனி தீய்ந்திருப்பதைப் பார்த்தால் சோடியமும் குளோரைடும் இருக்கின்றன. அத்துடன் யூரியாவும் சேர்ந்து சுட்டிருக்கிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஒரு கைப்பிடி என்பது தொட்டிச் செடிக்கு எந்த வகையிலும் உரமாகாது.

ஆகவே இது ஒரு காரணத்தால் வந்ததன்று. சிப்பி மணலும் சாம்பலும் தண்ணீரும் சேர்ந்து இரும்பைப் பூட்டின, அடியில் தேங்கிய நீர் வேரைக் கெடுத்தது, யூரியா இலையை உதிர்த்தது. இரும்பை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் சில வாரங்களுக்குப் பச்சை வரும். பிறகு மீண்டும் வெளுக்கும். சிப்பி கலந்த மண்ணில் கந்தகத்தையோ புளித்த மோரையோ ஊற்றிக் காரத்தைக் குறைக்கப் பார்ப்பதும் வீண். சிப்பி தீரும்வரை அமிலத்தை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். தோட்டத்து மண்ணை மாற்ற முடியாது என்பதால் அங்கே அந்தப் பாடுகளைப் படுகிறோம். தொட்டி மண்ணை ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாமே.

மண் மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். செடியை வெளியே எடுத்து, பழைய மண்ணைத் தண்ணீர் பீய்ச்சி மெதுவாகக் கழுவி அகற்றுங்கள். வேரோடு ஒட்டியிருப்பதை வலிந்து பிய்க்க வேண்டாம். தோல் கழன்ற வேர்களை மட்டும் சுத்தமான கத்தரியால் நறுக்குங்கள். சிமெண்டுத் தொட்டியை விட்டுவிட்டு மண்தொட்டிக்கோ, அடியில் பல துளைகள் இட்ட நெகிழி டிரம்முக்கோ மாறுவது நல்லது. மலைப்பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு போதும். அடியில் செங்கல் வைத்துத் தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். முன்பு எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில்தான் நிற்க வேண்டும். தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியத் தொடங்கும். பூவோ பிஞ்சோ இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி. இலை பாதியாகிவிட்ட செடி குடிப்பதும் பாதியாகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு இன்னும் ஊற்றுவார்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஊற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இரும்பை இலைவழியாகக் கொடுக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பது இரும்பு சல்பேட்தான். வெளிர்பச்சைப் படிகமாக இருப்பதை வாங்குங்கள். துருநிறத்துப் பொடியாகிவிட்டது பயன்படாது. தோட்டங்களில் எலுமிச்சைக்கு லிட்டருக்கு இரும்பு சல்பேட் 2.5 கிராமும் துத்தநாக சல்பேட் 5 கிராமும் தெளிப்பது வழக்கம். தங்கள் செடி நொந்திருப்பதால் இரண்டிலும் பாதி அளவே போதும். அத்துடன் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) சேர்த்தால் இரும்பு துருவாகிப் படியாமல் கரைந்து நிற்கும். புதிய தளிர் முக்கால் பங்கு விரிந்திருக்கும் நேரத்தில், மாலையில் தெளிக்க வேண்டும், அதுவரை பொறுத்திருங்கள். மாடித்தளத்தில் பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். சிந்திய இடத்தில் படியும் துருக்கறை எளிதில் போகாது, பிறகு மாமியார் என்னைத்தான் குறை சொல்வார்.

வேர்வழியாகவும் கொடுக்க விரும்பினால் கடையில் இரும்பு செலேட் (இரும்பு மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி கட்டிவைத்த உரம்) கேட்கும்போது வகையைப் பார்த்து வாங்க வேண்டும். ஈ.டி.டி.ஏ வகை காரமண்ணில் நிலைக்காது, ஈ.டி.டி.ஹெச்.ஏ வகைதான் நிற்கும். கரைத்தால் தண்ணீர் செக்கச்செவேலென்று இருப்பதே அதற்கு அடையாளம். விலை கூடுதல். மண்ணை மாற்றிவிட்டால் அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

நாற்றங்கால், குலசேகரம் (மே 15)

அக்கா, சார் சொன்ன அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் என் அனுபவம் வேறு.

முதலாவது, இந்த வெயிலில், பாதி இலை இழந்த செடியின் வேரை முழுவதும் கழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மொட்டைமாடி வெயில் தோட்டத்து வெயில் அன்று. கீழேயும் சுடும், மேலேயும் சுடும். இன்னும் இரண்டு மூன்று வாரங்களில் சாரல் தொடங்கிவிடும். அதுவரை தட்டை எடுத்துவிட்டு, மேல்மண்ணில் தெரியும் சாம்பலை வழித்து எறிந்து, நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி உப்பை வடித்துவிட்டு, செடியை நிழலில் வைத்திருங்கள். சாரல் பிடித்த பிறகு மண்ணை மாற்றினால் செடிக்கு அதிர்ச்சியே தெரியாது. சேறான அடிமண்ணை மட்டும் இப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

இரண்டாவது, நார்க்கழிவு. சார் கழுவியது என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். எங்களைப் போன்றோர் செடிகளை இழந்து கற்றுக்கொண்ட இடம் அது. கடற்கரைப் பக்கம் கதம்பையை (தேங்காய் மட்டையை) உப்புக் காயலில் ஊறவைத்து நாரெடுக்கும் இடங்களிலிருந்து வரும் கழிவில் உப்பு ஏறியிருக்கும். ஊறவைக்காத பச்சைக் கதம்பையின் கழிவிலும் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுதி. சாக்கில் கட்டி, தொட்டித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் புதுத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். முதல் தண்ணீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் வரும். மூன்றாவது நான்காவது தண்ணீர் தெளியும். அந்த டி.டி.எஸ் கருவி மீண்டும் கிடைத்தால் வடிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு அருகில் இறங்கியிருந்தால் போதும். கடல் மணலையோ தோட்டத்து வெள்ளை மணலையோ எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்க வேண்டாம். வடிகாலுக்கு மணல் வேண்டுமென்றால் கருங்கல் சிப்சைத் தூள் போகக் கழுவிப் போடுங்கள்.

தளிரில் காணும் வெள்ளிக் கோடுகள் இலைத்துளைப்பான் புழுவின் பாதை. முற்றிய இலையை அது தொடாது. ஆகவே புதுத்தளிர் தோன்றும் நாளிலிருந்து இலை கெட்டிப்படும் வரை வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் போதும். கோடு விழுந்த இலைகளைப் பறிக்க வேண்டாம். இப்போது இருக்கும் ஒவ்வொரு இலையும் செடிக்கு வேண்டும். எச்சம்போன்ற புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியுடையது. பெரிதானால் பச்சையாகிவிடும்; தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். பயப்பட வேண்டாம், கையால் எடுத்துப் போடலாம்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தக்கலை (மே 15)

குலசேகரம் தம்பி சொல்வது சரி. மாடி வெயிலை நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன். தோட்டங்களையே பார்த்துப் பழகிய கண் இது. அவர் சொன்னபடியே சாரல் வரை பொறுத்திருங்கள். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு; தமிழ்நாட்டில் பலருக்குக் கிட்டாத வசதி. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழாய் தங்கள் வீட்டிலும் இருக்குமென்றால், அதை நிலத்துக்குள் விடுவதற்கு முன் ஒரு டிரம்முக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். கடலுக்கு அருகில் இருப்பதால் மாடியில் உப்புப் படிந்திருக்கும். முதல் மழையை ஓடவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை என்பதால் மற்ற எந்த மருந்தைவிடவும் அது தங்கள் செடிக்கு நல்லது.

வடசேரி மாடித்தோட்டம் (மே 15)

அப்படியானால் நான் சொன்ன 19:19:19 தவறா? வேறு எவரேனும் அதைப் பார்த்துப் பின்பற்றிவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தக்கலை (மே 16)

உரம் தவறன்று, நேரம்தான் தவறு. வேர் கெட்டிருக்கும்போது எந்த உரமும் உப்பாகத்தான் வேலை செய்யும். புதுத்தளிர் ஒருமுறை வந்து கெட்டிப்பட்ட பிறகு, லிட்டருக்கு 2 கிராமுக்கு மிகாமல், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கொடுத்தால் செடி ஏற்றுக்கொள்ளும்.

ஈத்தாமொழி மாடித்தோட்டம் (ஆகஸ்ட் 20)

மூன்று மாதங்களாக எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். சொல்லும்படி ஏதேனும் நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மே மாதம் முழுவதும் செடியை மாடிப்படிக்கட்டு நிழலில் வைத்திருந்தேன். சேறான அடிமண்ணை அகற்றி, குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரை ஊற்றி வடித்தேன். மேலும் பத்துப் பதினைந்து இலைகள் உதிர்ந்தபோது கை நடுங்கியது உண்மை. கிளையை நகத்தால் கீறிப் பார்த்து உள்ளே பச்சை தெரிந்த பிறகுதான் நிம்மதியாக இருக்க முடிந்தது. சாரல் தொடங்கிய இரண்டாவது வாரம், அகன்ற மண்தொட்டியில், என் தம்பி குலசேகரத்திலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் நான்கு முறை கழுவிய நார்க்கழிவும் கலந்து மாற்றி நட்டேன். மாற்றும்போது பார்த்தால் பழைய சிமெண்டுத் தொட்டியின் உட்புறத்தில் வெள்ளைப் பூச்சுப்போல் சுண்ணாம்பு படிந்திருந்தது.

இருபத்தாறு நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மேல்கிளையில் ஐந்தாறு இடங்களில் ஒரே நேரத்தில் தளிர் வந்தது. அது முக்கால் விரிந்தபோது அன்னபேதியும் துத்தநாக சல்பேட்டும் பாதி அளவில் ஒருமுறை தெளித்தேன். சாக்கு விரித்தும் ஓரிடத்தில் துருக்கறை விழுந்துவிட்டது, ஐயாவின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதன் பிறகு வந்த இரண்டாவது தளிருக்கு எதுவுமே தெளிக்கவில்லை. அது தானாகவே கரும்பச்சையாக முற்றியிருக்கிறது. பங்குனியில் வெளுத்த இலைகளில் மிஞ்சியவை மட்டும் இன்னும் மஞ்சளாகவே நிற்கின்றன.

இப்போது ஒரு புதிய கேள்வி. மழையில் நின்ற கீழ்க்கிளை ஒன்றின் ஏழெட்டு இலைகளில், தடவினால் சொரசொரப்பாகப் படும் சிறு பழுப்புப் புள்ளிகள் எழும்பியிருக்கின்றன; அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கிறது. இலைத்துளைப்பான் கோடு விழுந்த இலைகளில்தான் அவை அதிகம். இதுவும் சத்துக் குறைவா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தக்கலை (ஆகஸ்ட் 21)

இரண்டாவது தளிர் மருந்தில்லாமல் பச்சையானது என்று படித்ததும் மகிழ்ந்தேன் அம்மா. வேர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். வெளுத்த பழைய இலைகள் மிகவும் முற்றிவிட்டதால் இனிப் பச்சையாகா. அவை தாமாக உதிரட்டும்.

இப்போது தாங்கள் சொல்வது சத்துக் குறைவன்று. எழும்பிய சொரசொரப்பும் மஞ்சள் வளையமும் பாக்டீரியாவால் வரும் சொறிநோயின் அடையாளம். எலுமிச்சைக்கு இது சாதாரணமாக வருவதே. காற்றோடு அடிக்கும் மழை இதைப் பரப்பும், இலைத்துளைப்பான் கீறிய இடம் அதற்கு வாசல். மழை இல்லாத ஒரு நாளில், இலைகள் உலர்ந்திருக்கும்போது, அந்தச் சிறு கிளையைப் புள்ளிகளுக்குக் கீழே அரை அடி விட்டு வெட்டி எரித்துவிடுங்கள். கத்தரியைச் சாராயச் சத்துள்ள கைத்தூய்மித் திரவத்தால் துடையுங்கள். பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, அடியிலும் மேலிலுமாக நனையத் தெளித்து, ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு முறை தெளியுங்கள். இதை அன்னபேதியோடோ வேப்பெண்ணெயோடோ ஒரே பாத்திரத்தில் கலக்க வேண்டாம். இடையில் பத்து நாட்களாவது விடுங்கள். தொட்டியைச் சுவரோரம், நேரடியாகச் சாரல் அடிக்காத பக்கத்துக்கு நகர்த்த முடிந்தால் நல்லது.

ஈத்தாமொழி மாடித்தோட்டம் (ஆகஸ்ட் 21)

நன்றி ஐயா. கிளையை இன்று மாலையே வெட்டிவிட்டேன். வெட்டும்போது மேல்கிளையில் இரண்டு பூமொட்டுகள் தெரிந்தன. கிள்ளிவிட வேண்டுமா, விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தக்கலை (ஆகஸ்ட் 22)

இந்த ஆண்டு கிள்ளிவிடுங்கள். மாமியார் ஆசைப்பட்டால் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.